கொடுக்கப் பழக்க நினைத்தேன், மகன் ஒளிக்கப் பழகிவிட்டான்

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் ஒரு தகப்பனார் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான்.

அவருக்கு 8 வயதில் ஒரு மகன், 4 வயதில் ஒரு மகள். அவர் வளர்ந்த வீட்டில் வறுமை. விளையாட்டுச் சாமான் என்று சொந்தமாக எதுவும் இருந்ததில்லை. ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவர் ஒரு பெட்டி நிறையப் பழைய பொம்மைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். "அந்த ஆளை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்" என்று எழுதியிருக்கிறார். இன்று நல்ல வேலை, நல்ல வருமானம். தான் வாங்கியதை உலகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பிள்ளைகளும் கொடுக்கும் மனதோடு வளர வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக வீட்டில் ஒரு ஏற்பாடு. பிறந்தநாள் வந்தால் பிள்ளைகள் தங்கள் விளையாட்டுச் சாமான்களில் பாதியைப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும்போது புகைப்படமும் உண்டு. மகன் தயங்கினால், அவன் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் இவரே எடுத்துப் போட்டுவிடுவார். கொடுக்கும் ஒவ்வொரு பொம்மைக்கும் சுவரில் ஒட்டிய அட்டவணையில் ஒரு நட்சத்திரம். பத்து நட்சத்திரம் சேர்ந்தால் அரை மணி நேரம் கூடுதலாக டிவி. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மகனைத் தன்னார்வலர் குழு ஒன்றுக்கு அழைத்துப் போகிறார். வந்து குவிந்த துணிகளையும் பொம்மைகளையும் தரம் பிரிக்கும் வேலை, மதியம்வரை நடக்கும்.

ஒரு வருடமாக மகன் மாறிவிட்டானாம். பொம்மைகளை ஷூவுக்குள்ளும் தலையணை உறைக்குள்ளும் ஒளிக்கிறான். கேட்டால் தொலைந்துவிட்டது என்று பொய் சொல்கிறான். புதிதாக ஒரு கார் வாங்கிக் கொடுத்தால், முதல் வேலையாக ஒரு சக்கரத்தைப் பிடுங்கிவிட்டுத்தான் விளையாடுகிறான். போதாக்குறைக்கு, பள்ளியில் தன் புது பென்சில் டப்பாவை யாரோ ஒரு பையனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்; பொருளின் அருமை தெரியவில்லை என்று இவர் கண்டித்திருக்கிறார். மனைவியோ, "கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறீர்கள்" என்கிறார். இந்த வருடம் வந்த போனஸில் பெரும்பகுதியை மனைவியிடம் சொல்லாமல் இவர் நன்கொடையாகக் கொடுத்தது தெரிந்த பிறகு, வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது.

"என் மகன் சுயநலக்காரனாக வளர்கிறானா? பொருட்களை உடைப்பது மனநோயின் அறிகுறியா? நான் செய்வது நல்ல காரியம்தானே?" என்று கேட்கிறார்.

அன்புள்ள நண்பரே,

கொடுப்பது நல்ல காரியம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கை நீட்டி வாங்கிய காலத்தை, வசதி வந்த பிறகும் மறக்காமல் இருக்கிறீர்கள். அது பெரிய மனது. உங்கள் மகனுக்கு மனநோய் இருப்பதாக நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குத் தோன்றவில்லை. அவன் சுயநலக்காரனும் இல்லை. ஆனால் நீங்கள் கொடுப்பவற்றில் ஒரு பகுதி உங்களுடையது அல்ல, அவனுடையது. வீட்டில் நடக்கும் அத்தனை சிக்கலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. உங்கள் மனைவி சொன்ன பழமொழி உங்களைப் புண்படுத்தியிருக்கிறது என்று தெரிகிறது. ஆனாலும் அவர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்.

சக்கரத்தை ஏன் பிடுங்குகிறான்?

ஞாயிற்றுக்கிழமை தரம் பிரிக்கும் இடத்தில் உங்கள் மகன் என்ன பார்க்கிறான் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல பொம்மைகள் ஒரு பக்கம் போகின்றன. சக்கரம் போனது, கை உடைந்தது எல்லாம் இன்னொரு பக்கம் ஒதுக்கப்படுகின்றன. உடைந்ததை யாருக்கும் கொடுக்க மாட்டார்கள் என்ற விதியை அவன் அங்கேதான் கற்றிருக்கிறான். நான்கு சக்கரமும் உள்ள கார் என்றைக்காவது பெட்டிக்குள் போய்விடும். மூன்று சக்கரக் கார் அவனோடேயே இருக்கும். தனக்குப் பிடித்த பொருளைத் தன்னிடம் தக்கவைத்துக்கொள்ள ஒரு 8 வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த வழி அது. அழிக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் காரை உடைத்து எறிந்திருப்பான். அவனோ ஒரு சக்கரத்தை மட்டும் கழற்றிவிட்டு, மீதிக் காரை வைத்து விளையாடுகிறான்.

ஒளிப்பதும் பொய் சொல்வதும் இதே கதைதான். பள்ளிவிட்டு வந்து அலமாரியைத் திறந்தால் எது இருக்கும், எது இருக்காது என்று தெரியாத பிள்ளை வேறென்ன செய்வான்? பெரியவர்களான நாமும், நம்மைக் கேட்காமல் நம் பொருளை எடுக்கும் ஒருவர் வீட்டில் இருந்தால் பீரோவைப் பூட்டத்தான் செய்வோம். அவனிடம் பூட்டு இல்லை, ஷூ இருக்கிறது.

அடுத்து பென்சில் டப்பா. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி அது. யாரும் சொல்லவில்லை, நட்சத்திரம் கிடையாது, புகைப்படம் கிடையாது. எதிரில் இருந்த பையனுக்குத் தேவை என்று தோன்றியிருக்கிறது, அதுவும் புதிதாக இருந்ததையே கொடுத்துவிட்டான். நீங்கள் அவனுக்குக் கற்றுத்தர விரும்பியது இதுதானே? அதைச் செய்த அன்றைக்குத்தான் அவனுக்குத் திட்டு விழுந்திருக்கிறது. "அப்பா சொல்லும்போது, அப்பா சொல்வதைக் கொடுத்தால்தான் அது தர்மம். நானாகக் கொடுத்தால் அது பொறுப்பில்லாத்தனம்" என்று அவன் புரிந்துகொண்டால் அவனைக் குறை சொல்ல முடியாது.

சொந்தம் இருந்தால்தான் கொடுக்க முடியும்

இல்லாமையில் வளர்ந்ததால்தான் உங்களிடம் கொடுக்கும் குணம் வந்தது, அதனால் பிள்ளைக்கும் கொஞ்சம் இல்லாமையைக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறீர்கள். பல பெற்றோரிடம் நான் கேட்கும் வாதம் இது. உங்கள் கதையையே மறுபடி பாருங்கள். உங்களை மாற்றியது வறுமையா, அந்தப் பெட்டியா? அதைக் கொடுத்தவர் உங்களிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. "இது உனக்குத்தான்" என்று கொடுத்தார். முதன்முறையாக உங்களுக்கென்று ஏதோ இருந்தது, அதை வைத்து ஆசைதீர விளையாடினீர்கள். அந்த மனிதர் உங்களுக்குக் கொடுத்த அந்த நிம்மதி இன்று உங்கள் மகனுக்கு இல்லை.

இதைப் பற்றி நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2012இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 2 வயதுகூட நிரம்பாத குழந்தைகளிடம் தின்பண்டம் கொடுத்து, அதில் ஒன்றை ஒரு கைப்பாவைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். வாங்கும்போது தெரிந்த மகிழ்ச்சியைவிடக் கொடுக்கும்போது குழந்தைகளின் முகத்தில் அதிக மகிழ்ச்சி தெரிந்தது. அதிலும், வேறெங்கிருந்தோ எடுத்த தின்பண்டத்தைக் கொடுத்தபோது இருந்ததைவிட, தன் கிண்ணத்திலிருந்தே எடுத்துக் கொடுத்தபோது மகிழ்ச்சி கூடுதலாக இருந்தது. தனக்குச் சொந்தமானதைத் தன் கையால் கொடுப்பதில் அப்படியொரு ருசி இருக்கிறது. கொடுக்கும் மனதைக் குழந்தைக்குள் நாம் வெளியிலிருந்து ஊற்ற வேண்டியதில்லை.

2013இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு உங்கள் வீட்டுக்கே எழுதியதுபோல் இருக்கும். செர்னியாக், குஷ்னிர் என்ற இரு ஆய்வாளர்கள் பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளிடம் ஒரு சோகமான பொம்மையைக் காட்டினார்கள். சில குழந்தைகளிடம், "உன் ஸ்டிக்கரை நீயே வைத்துக்கொள்ளலாம், இதற்கும் கொடுக்கலாம், உன் இஷ்டம்" என்றார்கள். வேறு சிலரிடம் கொடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். பிறகு இன்னொரு பொம்மை வந்தபோது, முதலில் சுயமாக முடிவெடுத்த குழந்தைகள்தான் அதிகமாகக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை நிஜமாகவே இருந்தால்தான், நானாகவே கொடுத்தேன் என்ற எண்ணம் பிள்ளைக்கு வரும்.

நட்சத்திர அட்டவணையை இன்றே கழற்றிவிடுங்கள். 2008இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வார்னகென், டொமசெல்லோ இருவரும் 20 மாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், உதவி செய்ததற்குப் பரிசு வாங்கிய குழந்தைகள், பரிசு நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள். பரிசே வாங்காத குழந்தைகள் எப்போதும்போல் உதவிக்கொண்டிருந்தார்கள். டிவி நேரத்துக்காகப் பொம்மையைக் கொடுப்பது வியாபாரம். அவன் அதில் கெட்டிக்காரனாகலாம், உங்களுக்கு அது வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை

"விளையாட்டை அப்புறம்கூட விளையாடிக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போது? வாரநாளில் பள்ளி, வீட்டுப்பாடம், இசை வகுப்பு, சனிக்கிழமை நீச்சல். இதுவும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மிச்சமிருந்த ஒரே காலையையும் தரம் பிரிக்கக் கொடுத்துவிட்டீர்கள்.

விளையாட்டு என்பது எல்லா வேலையும் முடிந்த பிறகு மிச்ச நேரத்தில் கொடுக்கும் சலுகை என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். 1989இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. அமெரிக்கா தவிர ஐ.நா.வின் எல்லா உறுப்பு நாடுகளும் இதை உறுதிசெய்து ஏற்றிருக்கின்றன. 2013இல் இந்தப் பிரிவுக்கு ஐ.நா. குழு எழுதிய விளக்கவுரை, பெரியவர்கள் போட்டுவைக்கும் அட்டவணைகள் குழந்தையின் நேரம் முழுவதையும் விழுங்கிவிடுவதைக் கவலையோடு குறிப்பிடுகிறது. நல்ல நோக்கத்தோடு போட்ட அட்டவணையும் அதில் அடக்கம்தான். இதை வைத்து யாரும் உங்கள்மேல் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் மனைவி "பிள்ளையின் பிள்ளைப்பருவம் போகிறது" என்று சொல்வது வெறும் தாய்ப்பாசம் என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கொடுத்து வாங்கும் பழக்கத்தை ஒரு பிள்ளை விளையாட்டில்தான் முதலில் கற்கிறது. நாலு பிள்ளைகள் சேர்ந்து பந்து விளையாடுவதைக் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பாருங்கள். பந்து ஒருவனுடையது. அவனே அடித்துக்கொண்டிருந்தால் மற்றவர்கள் கிளம்பிவிடுவார்கள், அதனால் விட்டுக்கொடுக்கிறான். சின்னப் பையன் ஒருவன் அவுட் ஆனால், "அவனுக்கு இன்னொரு சான்ஸ்" என்று யாராவது சொல்வார்கள். அழுபவனைச் சமாதானப்படுத்துவது, விதியை வளைத்துக்கொள்வது, தோற்றாலும் மறுநாள் வருவது என்று எல்லாம் அங்கே நடக்கிறது. பெரியவர் யாரும் நடுவில் இல்லாததால்தான் நடக்கிறது. துணி மூட்டைகளுக்கு நடுவே கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்கும் மூன்று மணி நேரத்தில் இதில் ஒன்றுகூடக் கிடைக்காது.

மகளின் துணி முயல்

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: மகள் தூங்கும்போது கட்டிக்கொள்ளும் பழைய துணி முயலை அடுத்த பெட்டியில் போடப் போவதாக. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். 1950களில் பிரிட்டிஷ் குழந்தை மருத்துவரும் மனப்பகுப்பாய்வாளருமான வின்னிகாட் இந்த வகைப் பொருள்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்திலும் அம்மா இருக்கும் தெம்பைக் குழந்தை அந்தப் பொருளிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அதன் வாசனையும் நைந்துபோன காதும்கூட அதற்கு வேண்டும். 4 வயதில் இது முழுக்க இயல்பு, வேண்டாதபோது அவளே விட்டுவிடுவாள். அந்த வயதில் தனக்கென்று வைத்துக்கொள்ள நினைப்பதும் இயல்புதான். சமமாகப் பிரிக்க வேண்டும் என்ற நியாய உணர்வு பெரும்பாலான பிள்ளைகளிடம் 7, 8 வயதில்தான் பலப்படுகிறது. தவிர, பயன்படுத்திய துணி பொம்மைகளைச் சுகாதாரக் காரணத்துக்காகப் பல இடங்களில் வாங்குவதே இல்லை.

மனைவியும் போனஸும்

இதில் நான் நீட்டி முழக்கப் போவதில்லை. சம்பாதித்தவர் நீங்கள் என்பதால் முடிவும் உங்களுடையது என்று ஆகாது. அந்தப் பணத்தை நம்பி மனைவி மனதில் ஏதோ திட்டம் இருந்திருக்கும், அது என்னவென்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். முதலில் அதைக் கேளுங்கள். பிறகு இருவரும் உட்கார்ந்து, வருமானத்தில் இத்தனை பங்கு நன்கொடைக்கு என்று ஒரு அளவு பேசிக்கொள்ளுங்கள். அவசரத் தேவைக்கான சேமிப்பும் பிள்ளைகளின் செலவும் போக மிச்சத்திலிருந்து அந்தப் பங்கு வரட்டும். அதைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டால், அதற்குள் கொடுக்க உங்களுக்கு முழுச் சுதந்திரம். அதைத் தாண்டினால் இருவரும் சம்மதிக்க வேண்டும். பேசும்போது, "கொடுப்பதற்கு நீ தடை" என்ற தொனி வர வேண்டாம். அவர் கொடுப்பதை எதிர்க்கவில்லை, கேட்காமல் கொடுப்பதை எதிர்க்கிறார்.

இனி என்ன செய்யலாம்?

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. இப்படியே தொடர்ந்தால், மகன் இன்னும் திறமையாக ஒளிக்கக் கற்றுக்கொள்வான், வளர்ந்த பிறகு தானம் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் ஆளாகலாம். மனைவி சொல்வதுபோல் எல்லாவற்றையும் மொத்தமாக நிறுத்தினால் வீடு உடனே அமைதியாகும், ஆனால் உங்களுக்குள் ஒரு மனக்குறை தங்கிவிடும். தன்னால்தான் அப்பா நிறுத்தினார் என்ற குற்ற உணர்ச்சியும் பிள்ளைக்கு வரலாம். மூன்றாவது வழியைத்தான் நான் சொல்வேன். உங்கள் கொடை தொடரட்டும், பிள்ளைகளின் பொருள் அதில் வேண்டாம். குறைந்தது ஆறு மாதத்துக்கு அவர்களின் ஒரு பென்சிலைக்கூடக் கேட்காதீர்கள்.

முதலில் மகனிடம் பேசுங்கள். "உன்னைக் கேட்காமல் உன் பொருளை எடுத்தது தப்பு. இனிமேல் எடுக்க மாட்டேன்." இவ்வளவு போதும். அதற்குப் பிறகு "ஆனால்" என்று ஆரம்பித்து ஏழைக் குழந்தைகளைப் பற்றிச் சொல்ல வேண்டாம், சொன்ன மன்னிப்பு அந்த இடத்திலேயே செல்லாமல் போய்விடும். பென்சில் டப்பாவுக்காகத் திட்டியதும் தப்பு என்று சொல்லுங்கள். அந்தப் பையன் யார், என்ன நடந்தது என்று கேளுங்கள். அவன் உடனே நம்பாமல் இருக்கலாம், சில வாரங்கள் சக்கரம் பிடுங்குவது தொடரலாம். ஒளித்த பொம்மை கண்ணில் பட்டால், பார்க்காததுபோல் அதே இடத்தில் விட்டுவிடுங்கள்.

ஆளுக்கு ஒரு மூடி போட்ட பெட்டி கொடுங்கள். அதற்குள் இருப்பதை அப்பா, அம்மா, தங்கை யாரும் தொடக் கூடாது என்பது வீட்டு விதியாகட்டும். விதியை நீங்கள் ஒருமுறை மீறினாலும் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அப்புறம், நீங்கள் கொடுப்பதை அவன் பார்க்கட்டும். நீங்கள் எழுதிய பட்டியலில் பிள்ளைகளின் கார், பந்து, புதிர்க்கட்டை எல்லாம் இருக்கிறது. உங்கள் அலமாரியிலிருந்து போன பொருள் ஒன்றையும் காணோம். நீங்கள் பணமும் நேரமும் தருகிறீர்கள், அது சின்ன விஷயமல்ல. ஆனால் போனில் அனுப்பும் பணம் 8 வயதுப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரியாது. பிடித்த சட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்கலாமா வேண்டாமா என்று நீங்கள் தடுமாறி, பிறகு மடித்துப் பெட்டியில் வைப்பதை அவன் ஒருமுறை பார்த்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மட்டும் போய் வாருங்கள், அல்லது மாதத்தில் ஒருநாள் அவனைக் கேட்டு, வருகிறேன் என்றால் அழைத்துப் போங்கள். அவன் வந்தால் மூட்டை பிரிக்க வைப்பதைவிட, அங்கே குழந்தைகள் இருந்தால், நிர்வாகிகளின் அனுமதியோடு ஒரு பந்தை எடுத்துப் போய்ச் சேர்ந்து விளையாட விடுங்கள். ஒருநாள் விருந்தாளியாகப் போய்விட்டு மறைந்துவிடாமல், முடிந்தவரை அதே பிள்ளைகளிடம் திரும்பப் போவது நல்லது. பொருளைக் கையில் கொடுத்துப் புகைப்படம் எடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். வாங்கும் குழந்தைக்கும் மானம் உண்டு, தன் முகம் எங்கே போகிறது என்று சொல்லும் உரிமை உண்டு. சின்ன வயதில் அந்தப் பெட்டியோடு உங்களை யாராவது நிற்கவைத்துப் படம் எடுத்து ஊருக்குக் காட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

பொம்மைகள் கொடுப்பவர் என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பட்டன் பேட்டரி (காசுபோல் சின்ன வட்டமான பேட்டரி) உள்ள பொம்மைகளில் அது இருக்கும் அறையின் மூடி ஸ்க்ரூவால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குழந்தை அந்தப் பேட்டரியை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் 2 மணி நேரத்துக்குள் உள்ளே வெந்து புண்ணாகிவிடும். சிறிய காந்தத் துண்டுகள் உள்ளவை வேண்டாம், 3 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சின்னச் சின்ன பாகங்கள் உள்ளவையும் வேண்டாம். எதைக் கொடுப்பதற்கு முன்னும் அங்கே என்ன தேவை என்று கேட்டுவிடுங்கள்.

பொருள் எதையும் எடுக்காமல் இரண்டு மூன்று மாதம் ஓடிய பிறகும் உடைப்பது கூடினால், அடுத்தவர் பொருளை எடுத்து வந்தால், தூக்கம் கெட்டால், உங்களைக் கண்டு பயந்து ஒதுங்கினால், ஒரு குழந்தை உளவியலாளரை நேரில் பாருங்கள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டால் ஒருநாள்கூடக் காத்திருக்க வேண்டாம். போகும்போது மனைவியும் நீங்களும் சேர்ந்தே போங்கள். மகனிடம், "உன்னைச் சரிசெய்யப் போகிறோம்" என்று சொல்லாதீர்கள். "நம் வீட்டில் எல்லாரும் நிம்மதியாக இருக்க என்ன செய்யலாம் என்று கேட்கப் போகிறோம்" என்று சொல்லுங்கள்.